ஏறும்படி

வீரகத்தியின் காணி பறிபோகப் பார்த்ததற்குக் குரங்கும் கந்தோரும் என்னுடைய தமிழுந்தான் காரணம் என்று எங்கள் வாய்க்காலில் சொல்லுவார்கள். குரங்கை விட்டுவிடலாம். அது கூரையில் ஓடுகளைக் கிளப்பி விளையாடியது, அவ்வளவுதான். கந்தோர் அரசாங்க அலுவலகம்; அதைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. என் தமிழுக்கு மட்டும் நான் பொறுப்பு; அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சிற்றம்பலம். கூழாமடுக் குளத்தின் கீழ் மூன்றாம் வாய்க்காலில் காணி கிடைத்த நாற்பது குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பாலபண்டிதப் பரீட்சைக்கு இரண்டு தரம் தோற்றினேன். இரண்டு தரமும் தோற்றேன். ஆனாலும் முள்ளியவளைக்கு இந்தப் பக்கம் என்னைப்போல மனு எழுத ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. எனக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை, ஊருக்கும் இருந்தது.

முதலில் எங்கள் வீடுகளைச் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு மார்கழி வெள்ளத்தில் வன்னியில் குளங்கள் உடைப்பெடுத்து, வீடும் மாடும் மிதந்து போன பிறகு, எங்களுக்குக் கட்டிய அரசாங்க வீடுகளைத் தரையிலிருந்து மூன்றரை அடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஐம்பத்தொன்பதில் நாங்கள் வந்து இறங்கியபோது சுவர் இருந்தது, ஓடு இருந்தது, தோளில் மூட்டையோடு ஆள் நுழையக்கூடிய அகலமான இரட்டைக் கதவு இருந்தது. விறாந்தைக்கு ஏறுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. வாசலுக்கு நேரே ஒரு மண்கும்பி மட்டும் கிடந்தது.

வீடு கட்டிய கொந்தராத்துக்காரன் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று அவனை ஒரு மாதம் திட்டினோம். பிறகு மண்ணை அள்ளி வாழைப் பாத்திக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் முதல் ஆளாக நான் சீமெந்துப் படி கட்டினேன். ஏழு படி. படியை ஒற்றை எண்ணில் வைப்பதுதானே வழக்கம். ஐந்து வைத்தால் கால் எட்டாது, ஒன்பதுக்குச் சீமெந்து போதாது. என் படியைப் பார்த்து வீரகத்தி ஏழு படி கட்டினான். அவனைப் பார்த்து வாய்க்கால் முழுவதும் ஏழேழு படி எழும்பியது. மேலே சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு கீழே நிற்பவரோடு பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வீரகத்தி என்னைவிடப் பத்து வயது இளையவன். கால் மைல் தள்ளி இருந்தான். பொழுதுபட என் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்து, நான் பேப்பர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். வாசிக்கத் தெரியாதவன் அல்ல. நான் வாசிப்பதைக் கேட்கப் பிடிக்கும் என்பான். அப்படிச் சொல்லும் ஒருவனை யாருக்குத்தான் பிடிக்காது?

அறுபத்தைந்து ஆவணியில் ஒரு குரங்குக் கூட்டம் அவன் கூரையில் இறங்கி ஓடு பிரிக்கத் தொடங்கியது. தடியோடு மேலே ஏறினான். குரங்குகள் பக்கத்துப் பாலை மரத்துக்குத் தாவிவிட்டன. அவன் சறுக்கி, தன் கையால் கட்டிய படிகளின் மேல் மல்லாக்க விழுந்தான். நாலாவது படியின் விளிம்பு உடைந்தது. அவனுடைய முதுகெலும்பும் உடைந்தது. படியை அடுத்த கிழமையே பூசிவிட்டோம்.

எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று சொல்லி, யாரோ தருமவான் கொடுத்த ஒரு சில்லுக் கதிரையோடு அனுப்பிவிட்டார்கள். அவன் வந்து இறங்கிய அன்று வாய்க்கால் முழுவதும் அவன் முற்றத்தில் நின்றது. சில்லுக் கதிரை படிகளின் முன்னால் வந்து நின்றது. நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்க வந்தார்கள்.

"வேண்டாம்," என்றான் வீரகத்தி. "ஆஸ்பத்திரியிலை எட்டு மாதம் தூக்கினவங்கள். காணும்." பிறகு மனைவியைப் பார்த்தான். "ஜெகதீஸ்வரி, வண்டில் கொட்டிலுக்கு விடு. சில்லு வைச்சதெல்லாம் நிக்கிற இடம் அதுதானே."

பகிடி என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. கதிரையைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு நாளைக்கு என்று போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வண்டில் வெளியே மழையில் நின்றது. வீட்டுக்குள் நெல் மூட்டை அடுக்கிக் கிடந்தது. கொட்டிலின் தரை நிலத்தோடு நிலமாக இருந்ததால் அவன் நினைத்தபோது வெளியே வருவான். வாய்க்கால் கட்டு வழியே உருண்டு போய்க் கிளி கலைப்பான். வயலுக்குத் தண்ணீர் திறப்பான், அடைப்பான். கூலிக்காரரைப் பேசுவான். கதிரைக் கையில் ஒரு சைக்கிள் மணியும் பூட்டியிருந்தான். வீட்டுக்குள் போய் இரேன் என்று நான் ஒரு நாள் சொன்னபோது முகம் சிவந்துவிட்டது.

"அண்ணை, மேலை ஏத்தினால் நான் நெல்லு மூட்டை. ஆரும் வந்து இறக்குமட்டும் அங்கைதான் கிடக்கவேணும். கீழை எண்டால் மனுசன்."

எனக்கு அவன்மேல் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. சங்கக் கடைக்குப் போகிறான், குளக்கட்டுக்குப் போகிறான், என் வீட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை. பேப்பரை நான் தனியே வாசித்து முடித்தேன். கதிரை கிடைத்த பிறகு ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த வருடம் காணி அதிகாரி வாய்க்காலைப் பார்வையிட வந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். வீரகத்தியின் முற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, "வீட்டிலை ஆர் இருக்கிறது?" என்று கேட்டார்.

ஜெகதீஸ்வரிக்குப் பொய் வராது. "நெல்லு இருக்கு, ஐயா," என்றாள்.

"நீங்கள்?"

"நாங்கள் கொட்டிலுக்கை."

அதிகாரி கொட்டிலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடேயே புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. காணி அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைப்படி, காணி பெற்றவர் அரசாங்கம் தந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், வீரகத்தி குடியிருக்கவில்லை, காரணம் காட்டாவிட்டால் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் வீடும் திருப்பி எடுக்கப்படும்.

படியை உடைத்துவிட்டுச் சரிவாக மண் போட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் முந்தின வருடந்தான் தவராசா என்பவர் அடுப்புப் புகை போகட்டும் என்று தன் குசினிச் சுவரில் இரண்டு முழம் இடித்து ஒரு யன்னல் வைத்து, அரசாங்கக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதாகக் கந்தோருக்கு ஆறு தரம் அலைந்து, கடைசியில் யன்னலை அடைத்துச் சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கேளாமல் கை வைக்க எவருக்கும் துணிவில்லை. ஆகவே கேட்பது என்று முடிவாயிற்று. கேட்பதென்றால் நான்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் தமிழிலும் கடிதம் எழுதலாம் என்று வந்திருந்தது. எனக்கு அது ஒரு திருவிழா. அதுவரை ஆங்கிலத்திலேயே சீவித்த கிளாக்கர்மாருக்கு அது ஒரு தலையிடி. காணிக் கந்தோரில் பரமலிங்கம் என்றொரு கிளாக்கர். மேசையில் ஒரு கலைச்சொல் கைநூலை விரித்து வைத்துக்கொண்டு, தமிழ்க் கடிதத்தை ஆங்கிலமாக்கி விளங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் பதிலை யோசித்து, அதைத் தமிழாக்கி அனுப்புவார். நடுவில் என்னென்ன விழுந்து போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு இரவு யோசித்து எழுதினேன். அதில் முக்கியமான வரி இது: "இயலாமையுற்ற எனது நிலையைக் கருதி, எனது வீட்டுப்படியை நீக்கி, சரிவுக்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." வாசித்துக் காட்டினேன். வீரகத்தி கையெழுத்து வைத்தான்.

பதில் ஒரு மாதத்தில் வந்தது. "தங்களுக்கு வீட்டுப்படி எதுவும் இத்திணைக்களத்தால் வழங்கப்படவில்லை. வழங்கப்படாத படியை நீக்குதல் இயலாது. தங்கள் வருமானச் சரிவு தொடர்பாகச் சமூகசேவைப் பகுதிக்கு எழுதுக."

சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் காசையும் படி என்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைநூலில் அந்தப் பொருள்தான் இருந்திருக்கிறது.

"என்ன எழுதியிருக்கு, அண்ணை?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தராததை எடுக்கேலாதாமோ? அப்ப காணியை மட்டும் எப்பிடி எடுக்கப் போகினம்?"

"காணி தந்தது, பிள்ளை."

"ஓம், அது தந்ததுதான்."

இரண்டாவது மனுவில் நான் கவனமாக இருந்தேன். வீட்டுப்படி என்ற சொல்லே வரக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டேன். நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன், நீங்களே பாருங்கள்: "விறாந்தைக்கு ஏறும்படி அமைந்துள்ள ஏழையும் அகற்றி, கதிரையுடன் உருண்டு ஏறும்படி செய்து தருமாறு வேண்டுகிறேன்." ஏழு படிகளையும் என்று எழுதியிருக்கலாம். படி என்ற சொல் இரண்டு தரம் வந்துவிட்டது, மூன்றாம் தரம் வந்தால் நயம் கெடும் என்று விட்டுவிட்டேன். நயம்!

பதில் இப்படி வந்தது. "தங்கள் வீட்டில் தங்கியுள்ள ஏழை யார் என்பதை உடன் அறியத்தரவும். அனுமதியின்றிப் பிறரைக் குடியமர்த்துதல் நிபந்தனை மீறலாகும். மேலும், நீர் தாமதமின்றி வீட்டில் ஏறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர். இது தொடர்பான விசாரணை வரும் மாதம் பத்தாந் திகதி காலை பத்து மணிக்குக் கந்தோரில் நடைபெறும். சமுகமளிக்கத் தவறின் அனுமதிப்பத்திரம் இரத்தாகும்."

வீரகத்தி அதை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தரம் வாசித்தான். "ஏறும்படி கேட்டுக்கொள்ளுகினம்," என்றான். "நல்ல மரியாதையாய்த்தான் கேட்டிருக்கினம்."

"அந்த ஏழை ஆர் எண்டு கேக்கினமே, அதுக்கு என்ன சொல்லுறது?" என்றாள் ஜெகதீஸ்வரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கடை தமிழ் எங்களுக்குக் கொஞ்சம் பெரிசு. இனி எழுதவேண்டாம். போய்க் கதைப்பம்."

எனக்கு அது நன்றாகச் சுட்டது. என் ஒரு எழுத்துக்காக ஒருவன் காணியை இழக்கப் போகிறான் என்பதைவிட, என் எழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்பதுதான் அதிகமாகச் சுட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்தாந் திகதி சங்கத்து உழவு மெசினில் போனோம். அதன் பின்னால் இழுபடும் பெட்டியை வாய்க்கால் கட்டோடு ஒட்டி நிறுத்தினால், கட்டும் பெட்டியும் ஒரே மட்டத்துக்கு வரும். வீரகத்தி யாரும் தொடாமல் தானே உருண்டு உள்ளே போய்விடுவான். பட்டினத்தில் இறங்க இரண்டு பலகை கொண்டுபோனோம். பலகை வழியே இறங்கி, தெருவால் உருண்டு, கந்தோர் இருந்த கட்டடத்தின் முன்னால் போய் நின்றான்.

கந்தோர் மேல்மாடியில் இருந்தது. கீழே மீராசாகிபு என்பவருடைய துணிக்கடை. அதன் பக்கத்தால் ஒரு மரப்படிக்கட்டு செங்குத்தாகப் போனது. எண்ணினேன். பத்தொன்பது. ஒற்றை எண்தான்.

"மேலே விசாரணையோ?" என்று மீராசாகிபு கேட்டார். "கடையிலை ரெண்டு பொடியன்மார் நிக்கிறானுகள். பூப்போலை தூக்கிக் கொண்டுபோய் வச்சிருவானுகள்."

"வேண்டாம் நானா," என்றான் வீரகத்தி. "என்னை வரச்சொல்லித்தான் கடிதம். கொண்டுவரச் சொல்லி இல்லை."

மீராசாகிபு அவன் முகத்தைப் பார்த்தார். கதிரையைக் கடை நிழலுக்குள் விட்டு, தேத்தண்ணிக்குச் சொன்னார். நானும் ஜெகதீஸ்வரியும் ஏறினோம்.

அதிகாரி எங்களை இருக்கச் சொன்னார். பியோன் வாசலில் நின்று, "வீரகத்தி! வீரகத்தி! வீரகத்தி!" என்று மூன்று தரம் கூப்பிட்டான். மூன்றாவது தரம் கீழே தெருவிலிருந்து, "ஓம், நிக்கிறன்!" என்று சத்தம் வந்தது.

"ஐயா, ஆள் கீழே நிக்குது," என்றேன். "யன்னலாலை பார்த்தால் தெரியும்."

அதிகாரி எழும்பிப் போய் யன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே வீரகத்தி கையைத் தூக்கினான். இவரும் கையைத் தூக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, பேனையை எடுத்து, எங்கள் கடிதங்களைக் கோத்து வைத்திருந்த கோவையில் "சமுகமளிக்கவில்லை" என்று எழுதினார்.

"ஐயா!" என்றேன்.

"எனக்குத் தெரியும், அவர் நடக்கமாட்டார் எண்டு," என்றார் அதிகாரி. அவருடைய முகத்தில் மெய்யான வருத்தம் இருந்தது. "கோவைக்கு அது தெரியாதே. விசாரணை இந்த மேசைக்கு முன்னாலைதான் நடக்கவேணும். நான் இறங்கி வரலாம். கோவை கந்தோரை விட்டு இறங்கக்கூடாது."

"அப்ப அதுவும் எங்கடை ஆளைப்போலைதான்," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே பரமலிங்கத்தின் மேசைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தலையைக் குனிந்து கைநூலைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் அவள் மிகவும் எளிமையாகச் சொன்னாள்: "தம்பி, எங்களுக்கு வேறை ஒண்டும் வேண்டாம். வீட்டுப் படிதான். அதுக்கு ஒரு வழி பண்ணித் தாங்கோ."

பரமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. ஒரு தமிழ்ச் சொல் நேராக விளங்கிவிட்ட சந்தோசம். "வீட்டுப் படியோ? அதை முதலே கேட்டிருக்கலாமே, அக்கா. ஒரு முத்திரை ஒட்டித் தாங்கோ."

உள்ளே போனார். பழைய அலுமாரி ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கால் மணித்தியாலத்தில், நாலாக மடித்த ஒரு பெரிய நீலத் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். எங்கள் வீடுகளைக் கட்டிய படம். மூலப் படம் கொழும்பிலாம். இது அதன் படி.

மூன்றாவது தரமும் பிழை. முதல் தரம் காசு, இரண்டாம் தரம் கட்டளை, இந்தத் தரம் பிரதி. இவருக்கு நின்று தமிழ் படிப்பித்துவிட்டுத்தான் போவது என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் கண் தாளில் விழுந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

வீட்டின் பக்கத் தோற்றம் வரைந்திருந்தது. சுவர், ஓடு, விறாந்தை எல்லாம் இருந்தன. விறாந்தையின் முன்னால் படி இல்லை. விறாந்தை விளிம்பிலிருந்து நிலம் வரைக்கும் நீளமாக ஒரு சாய்ந்த கோடு. அதன்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பத்தடிக்கு ஓரடி உயரும் மண் சரிவு. மண் கொந்தராத்துக்காரர் தருவார். காணிக்காரர் தாமே பரவி இறுக்கவேண்டும். வெள்ளக் காலத்தில் மாடும் வண்டிலும் விறாந்தைக்கு ஏற்றுவதற்காக.

நாங்கள் வாழைக்குப் போட்ட மண். நாங்கள் ஒரு மாதம் திட்டிய கொந்தராத்துக்காரன் எங்கோ நன்றாக இருக்கட்டும். நாற்பது வீட்டுக்கும் வழி செய்து வைத்திருந்தான். அதை அள்ளிக் கொட்டிவிட்டுப் படி கட்டும் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவன் நான்.

தாளோடு அதிகாரியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, "படியின்படி படி இல்லை," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. இன்னொரு தரம் சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்ப, அந்தப் படி அனுமதி இல்லாமல் கட்டினது. கட்டினது ஆர்?"

"என்ரை மனுசன்தான்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"மற்ற வீடுகளிலை?"

அவர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். என் ஏழு படிகளும் கண் முன்னால் வந்தன. ஓரத்தில் நான் பதித்த சிவப்புச் சாந்தும், சாய்மனைக் கதிரையும், கீழே நிற்கும் ஆட்களின் உச்சந்தலைகளும் வந்தன.

"அது எனக்குச் சரியாத் தெரியாது, ஐயா," என்றேன்.

ஜெகதீஸ்வரி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

அங்கேயே கட்டளை எழுதித் தந்தார்கள். அனுமதியின்றிக் கட்டிய ஏழு படிகளையும் பதினான்கு நாட்களுக்குள் இடித்து அகற்றிப் படத்தின்படி மண் சரிவு அமைத்தல் வேண்டும்; தவறின் காணி அனுமதிப்பத்திரம் இரத்தாகும்; அதுவரை குடியிருப்பு விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. இந்தத் தரம் "ஏழு படிகளையும்" என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பரமலிங்கம் என்னைவிட நல்ல தமிழ் எழுதத் தொடங்கிவிட்டார்.

கீழே வந்து ஜெகதீஸ்வரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மண்கும்பியைச் சொன்னாள், மாட்டையும் வண்டிலையும் சொன்னாள். வீரகத்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். விழுந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மீராசாகிபுவும் சேர்ந்து சிரித்தார்.

"நல்லவேளை, நானா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாட்டையாவது யோசிச்சவங்கள்."

இடிப்பதற்கு என் இரும்பு அலவாங்கைக் கொடுத்தேன். அந்த அளவுக்காவது என்னிடம் மனச்சாட்சி மிச்சம் இருந்தது. முதல் இடியைத் தானே போடவேண்டும் என்று வீரகத்தி கேட்டான். கதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தி, நாங்கள் பூசி மறைத்த நாலாவது படியின் விளிம்பில் ஓங்கிக் குத்தினான். பூச்சு முதலில் உதிர்ந்தது. பிறகு அவன் நிறுத்தவேயில்லை. அவன் குத்துவதைப் பார்த்து நிற்க முடியாமல் நான் வாழைப் பாத்தியில் மண் வெட்டப் போய்விட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொட்டிய மண்ணைத் திருப்பி அள்ளுவது லேசான வேலை இல்லை. வாழை வேர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது.

சரிவு முப்பத்தைந்து அடி நீளம் வந்தது. தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் இறுக்கி, பன்னிரண்டாம் நாள் ஆயத்தமாயிற்று. ஜெகதீஸ்வரி பின்னால் நின்று தள்ளினாள். பாதியில் அவன், "கையை எடு," என்றான். அவள் எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அவன் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். ஒரு இடத்தில் சில்லு ஒரு சாண் பின்னுக்கு வந்தது. பிறகு விறாந்தையில் ஏறினான். இரட்டைக் கதவின் இரண்டு பக்கத்தையும் தானே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனான்.

"ஜெகதீஸ்வரி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்த மூட்டையளைக் கொட்டிலுக்கு மாத்தவேணும். எனக்குத் திரும்ப இடம் காணாது."

அதிகாரி வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். காணி தப்பியது. அவருடைய ஜீப் என் வீட்டைத் தாண்டிப் போகும்வரை நான் உள்ளே நின்றேன்.

ஒரு கிழமை போயிருக்கும். பொழுதுபட விறாந்தையில் சாய்ந்திருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் கட்டுப் பக்கமாகச் சைக்கிள் மணி கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வீரகத்தி. மடியில் என் அலவாங்கு குறுக்கே கிடந்தது. முற்றத்து மணலில் சில்லு புதைய, தோளால் உந்தி உந்தி வந்து என் படிகளின் முன்னால் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இரண்டு வருடமாக வராதவன் வந்துவிட்ட சந்தோசத்தில், எந்த வீட்டுக்காரனும் சொல்வதுபோல் நானும் சொல்லிவிட்டேன். "வா, வா, வீரகத்தி! ஏன் அங்கை நிக்கிறாய்? ஏறி வாவன்."

அவன் படிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏறும்படி கேட்டுக்கொள்ளுறியளோ, அண்ணை?" என்றான்.

கோபம் இல்லாமல்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இரண்டு வருடமாக அவனுக்குத் தலைக்கனம் என்று சொல்லிக்கொண்டு, கால் மைலுக்கு அப்பால் அவனுக்காக மனுமேல் மனு எழுதிக்கொண்டு, இந்த ஏழையும் நான் ஒரு நாள்கூடக் கீழிருந்து பார்க்கவில்லை.

"அலவாங்கு தர வந்தனான்," என்றான். "இதிலை சாத்திவிடட்டோ?"

முதல் படியில் சாத்தினான். நான் பேப்பரைக் கதிரையில் வைத்துவிட்டு, சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அலவாங்கைக் கையில் எடுத்தேன்.

"கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு எடு," என்றேன். "கல்லுத் தெறிக்கும்."